மூன்று மணி நேரமும் ஒரு பழைய நகரமும்





சுற்றுலா செல்லும் இடத்தில் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்வது வீண் செலவு என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றி இருக்கிறது. "கைப்பேசியைத் தட்டினால் எல்லாம் வந்துவிடுகிறதே, அதற்கு ஓர் ஆள் எதற்கு?" என்று கேட்போர் பலர். விமானச் சீட்டுக்கும் தங்கும் விடுதிக்கும் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, பார்க்கப் போகும் நகரத்தை விளக்கிச் சொல்பவருக்குச் சில நூறு ரிங்கிட் கொடுக்கத் தயங்குகிறோம். இந்தத் தயக்கத்தைப் பற்றி ஓர் ஆசிரியையாகச் சில கருத்துகளைச் சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பழைய நகரத்தைப் பற்றிக் கற்பதற்கு மூன்று மணி நேரம் போதும். ஆனால், அந்த மூன்று மணி நேரத்தில் எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த இடத்தில் நிற்க வைத்து எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். நல்ல வழிகாட்டி அத்தகையவர். அவர் செய்கின்ற வேலை, நாம் அன்றாடம் வகுப்பறையில் செய்ய முயலும் அதே வேலைதான். ஆகவே நம் பள்ளிச் சுற்றுலாக்களைச் செம்மைப்படுத்த நினைப்பவர்கள் அவரிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய உள்ளன என்பது என் கருத்து.

இதற்கு எடுத்துக்காட்டாகப் போர்த்துகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனைக் கூறுகிறேன். 2019ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில், பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு நானும் என் கணவரும் பதின்மூன்று வயது மகளும் அங்குச் சென்றிருந்தோம். ஐரோப்பாவில் எத்தனையோ நகரங்கள் இருக்க லிஸ்பன் எதற்கு என்று உறவினர்கள் கேட்டனர். மலேசியர்களாகிய நமக்கு அந்நகரத்தோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1511ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மலாக்காவைக் கைப்பற்றிய அல்போன்சோ டி அல்புகர்க், லிஸ்பனில் அரியணையில் இருந்த மன்னரின் பெயரால்தான் வந்தார். நம் பிள்ளைகள் நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் மலாக்கா மலாய் ஆட்சியைப் படிக்கிறார்கள். அந்த ஆட்சியை முடித்து வைத்த கப்பல்களுக்குப் பின்னால் இருந்த நகரம் எப்படிப்பட்டது என்று மகளுக்குக் காட்ட விரும்பினேன்.

முன்னறிவிலிருந்து தொடங்குதல்

உள்ளூர் வழிகாட்டி அம்மையார் ஒருவரை மூன்று மணி நேர நடைச் சுற்றுலாவிற்காக முன்பதிவு செய்தோம். எங்கள் மூவருக்கு மட்டுமே உரிய சுற்றுலா அது. ஏறத்தாழ 600 ரிங்கிட் ஆனது. பயணத்திற்கு ஒரு வாரம் இருக்கும்போது அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் மகளின் வயது என்ன, போர்த்துகலைப் பற்றி அவர் ஏற்கெனவே என்ன படித்திருக்கிறார், மேட்டில் ஏற உங்களுக்குச் சிரமம் உண்டா, இந்நகரத்தைப் பற்றி உங்களுக்கு இருக்கும் ஒரு கேள்வி என்ன? இந்த நான்கே வினாக்கள்.

இதைப் படித்ததும் எனக்குப் பயிற்சிக் கழக நாள்கள் நினைவுக்கு வந்தன. பாடத்திட்டத்தில் 'முன்னறிவு' என்று ஒரு கட்டம் இருக்கும். பயிற்சி ஆசிரியர்கள் அதில் பெரும்பாலும் ஏதாவது ஒரு வரியை எழுதி நிரப்பிவிடுவார்கள். ஆனால் மாணவர் எதை அறிந்திருக்கிறார் என்று உண்மையிலேயே கேட்டுவிட்டுப் பாடத்தை மாற்றுகின்ற ஆசிரியர் அரிதாகவே கிடைப்பார். அந்த அம்மையார் அப்படி மாற்றினார். மலாக்காவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் வாழ்கிறோம், மலாக்காவைப் பற்றி மகள் படித்திருக்கிறாள் என்று நான் எழுதியதைக் கண்டு, தம் வழக்கமான பாதையின் கடைசிப் பகுதியை மாற்றி அமைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார். நாற்பது பேரைப் பேருந்தில் ஏற்றிச் செல்லும் சுற்றுலாவில் இது இயலாது. சிறு குழுச் சுற்றுலாவிற்கு நாம் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான்.

ஐந்தே இடங்கள்

மூன்று மணி நேரத்தில் அவர் எங்களை ஐந்து இடங்களுக்கு மட்டுமே அழைத்துச் சென்றார். புகழ்பெற்ற 28ஆம் எண் டிராமில் ஏறவில்லை. கோட்டைக்குப் போகவில்லை. நகரத்தின் நடுவிலுள்ள ரோசியு சதுக்கத்தில் தொடங்கினோம். வெள்ளைச் சுண்ணக்கல்லையும் கறுப்புக் கல்லையும் அலை அலையாகப் பதித்த தரை அது. அதன் மேல் நின்று படம் எடுத்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு இரண்டு நிமிட நடையில் முதல் இடத்திற்கு அழைத்துச் சென்றார்.

அது சாந்து டொமிங்கு தேவாலயம். 1959ஆம் ஆண்டு தீயில் அதன் உட்புறம் வெந்து போனது. வெடித்த தூண்களையும் கருகிய கற்களையும் மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதன் வெளியே உள்ள சிறு வெளியில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1497ஆம் ஆண்டில் போர்த்துகல்லில் இருந்த யூதர்கள் கட்டாயமாகக் கிறித்துவ மதத்திற்கு மாற்றப்பட்டனர். 1506ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அவ்வாறு மாற்றப்பட்ட மக்களை இந்த இடத்திலிருந்து தொடங்கிய கூட்டம் தேடித் தேடிக் கொன்றது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். நினைவுக்கல் வைக்கப்பட்டது 2008ஆம் ஆண்டில்தான். "ஐந்நூறு ஆண்டுகள் கழித்து" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மையார் அமைதியானார். மகள் விரல்விட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

தம் ஊரைக் காட்ட வந்தவர், பெருமைக்குரிய இடத்தில் தொடங்காமல் தலைகுனிய வேண்டிய இடத்தில் தொடங்கியது எனக்கு வியப்பாக இருந்தது. அது தற்செயலாக நடந்ததன்று. தம் ஊரின் தவற்றை முதலில் சொல்லிவிட்டதால், பின்னர் அவர் பெருமையாகச் சொன்னவற்றை எங்களால் ஐயமின்றி நம்ப முடிந்தது. பாடம் தொடங்கும் முன் செய்யும் பீடிகைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இரண்டாம் இடம், மேட்டின்மேல் கூரையின்றி நிற்கும் கார்மு மடாலயம். 1755ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காலையில், கிறித்துவர்களின் புனிதர் திருநாளன்று, லிஸ்பனை மாபெரும் நிலநடுக்கம் தாக்கியது. மக்கள் தேவாலயங்களில் கூடியிருந்த நேரம். ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்திகளும் அடுப்புகளும் தீயை மூட்டின. உயிர் தப்பி ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடற்கோள் வந்து கொண்டுபோனது. தீ பல நாள் எரிந்தது. பல்லாயிரம் மக்கள் மாண்டனர்.

கூரையில்லாத அந்தக் கூடத்தில் நின்று மகள் அண்ணாந்து பார்த்தாள். வளைவுகள் எலும்புகளைப் போல நின்றன. அவற்றின் இடையே வானம் தெரிந்தது. "ஏன் திரும்பக் கட்டாமல் விட்டார்கள்?" என்று கேட்டாள். அம்மையார் விடையைச் சொல்லவில்லை. "நீ மன்னராக இருந்தால் எதை முதலில் கட்டுவாய்?" என்று திருப்பிக் கேட்டார். மகள் சற்றுச் சிந்தித்துவிட்டு, "வீடுகள், மருத்துவமனை" என்றாள். அதன் பிறகே அவர் விளக்கினார். மீண்டும் கட்டும் பணி தொடங்கியதாம். 1834இல் நாட்டில் துறவற மடங்கள் கலைக்கப்பட்டபோது அந்தப் பணி நின்றுபோயிற்றாம். அதற்குள் மக்களுக்கும் இந்த இடிபாடு பிடித்துப்போய்விட்டதாம். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விகளைப் பற்றி நாம் எத்தனையோ பட்டறைகளுக்குச் சென்று வருகிறோம். இடமறிந்து கேட்கப்பட்ட ஒரு கேள்வி எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதை அங்கு நேரில் கண்டேன்.

மூன்றாம் இடம் பைசா என்னும் தாழ்நகர்ப் பகுதி. நிலநடுக்கத்திற்குப் பிறகு, பின்னாளில் பொம்பல் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சர் இப்பகுதியைப் புதிதாக எழுப்பினார். கட்டம் போட்டதுபோல் நேர்நேரான தெருக்கள். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு: பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு. சுவர்களின் உள்ளே மரச்சட்டங்களைக் கூண்டுபோல் பின்னிப் பொருத்தியிருக்கிறார்கள். நிலம் ஆடினால் மரம் வளைந்து கொடுக்கும், கட்டடம் சரியாது. இந்தக் கட்டுமானத்தைச் சோதிக்க மாதிரி ஒன்றைச் செய்து, அதைச் சுற்றிப் படைவீரர்களைத் தடதடவென்று நடக்க வைத்தார்கள் என்று சொல்லப்படுவது உண்டு. இங்கு அம்மையார் பேசியது மிகக் குறைவு. "மேலே நாம் நடந்து வந்த தெருவுக்கும் இந்தத் தெருவுக்கும் என்ன வேறுபாடு? மூன்று சொற்களில் சொல்" என்று மகளிடம் கூறிவிட்டு நடந்துகொண்டே இருந்தார். மகள் தெருவின் இருபுறமும் பார்த்துக்கொண்டே வந்தாள். கைப்பேசியை ஒரு முறையும் எடுக்கவில்லை.

நான்காம் இடம் தேஜு ஆற்றை நோக்கித் திறந்து கிடக்கும் வணிகச் சதுக்கம். நிலநடுக்கத்திற்கு முன்பு அரண்மனை நின்ற இடம் அது. அரண்மனை போய் இரண்டரை நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆயினும் ஊர்மக்கள் இன்னும் 'அரண்மனை முற்றம்' என்றே அதை அழைக்கிறார்கள். அரச நூலகமும், கீழைநாட்டு வணிகத்தைக் கவனித்த 'இந்திய இல்லம்' என்னும் அலுவலகமும் அன்று அழிந்தன. கப்பல் கணக்குகள், கடிதங்கள், வரைபடங்கள் எனத் திரும்பப் பெற முடியாத எத்தனையோ ஏடுகள் சாம்பலாயின. வென்றவர் வீட்டிலும் வரலாறு முழுமையாக இல்லை என்பதை மகள் அப்போது அறிந்துகொண்டாள்.

கூர்க்கல் வீட்டின் முன்னால்

எங்களுக்காகவே அம்மையார் சேர்த்த ஐந்தாம் இடம் அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தது. முகப்பு முழுவதும் வைரம்போல் கூராகச் செதுக்கிய கற்களைப் பதித்த வீடு. அதனால் 'காசா டொஸ் பிக்கோஸ்', அதாவது கூர்முனைகளின் வீடு என்று பெயர். இன்று அங்கு, 1998ஆம் ஆண்டு இலக்கிய நோபல் பரிசு பெற்ற ஜோசே சரமாகுவின் பெயரிலான அறக்கட்டளை இயங்குகிறது. அவருடைய சாம்பல், வீட்டின் எதிரே உள்ள ஓர் ஒலிவ மரத்தடியில் இடப்பட்டிருக்கிறது. பயணிகள் பலர் அந்த மரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"இந்த வீட்டை 1523ஆம் ஆண்டளவில் கட்டியவர் பிராஸ் டி அல்புகர்க்" என்றார் அம்மையார். "உங்கள் பாடநூலில் உள்ள அல்போன்சோ டி அல்புகர்க்கின் மகன்."

மகள் வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அம்மையாரிடம் நேராகவே கேட்டாள்: "அப்படியென்றால் இது மலாக்காவின் பணத்தில் கட்டிய வீடா?"

இந்த இடத்தில் வழிகாட்டி பலவாறு விடை கூறியிருக்கலாம். "இல்லை" என்று மறுத்திருக்கலாம். எங்களை மகிழ்விக்க "ஆம்" என்றும் சொல்லியிருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. இந்தக் கல்லுக்கு எந்தப் பணம் என்று காட்டும் இரசீது தம்மிடம் இல்லை என்றார். மலாக்காவில் கொள்ளையிட்ட செல்வத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட 'ஃபுளோர் டி லா மார்' என்னும் கப்பல், 1511ஆம் ஆண்டு இறுதியில் சுமத்ராக் கரையோரம் மூழ்கிவிட்டது என்பதையும் சொன்னார். ஆனால், இந்தக் குடும்பத்தின் பெயரும் பெருமையும் கீழைநாட்டுப் போர்களால் வந்தவை. அன்றைய லிஸ்பனின் செழிப்பில் நறுமணப் பொருள் வணிகத்திற்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே உன் கேள்வி நியாயமான கேள்வி என்று முடித்தார். "எங்கள் பாடநூல்களில் இதை 'வெற்றி' என்பார்கள். உங்கள் நூலில் எந்தச் சொல்?" என்று கேட்டார். "வீழ்ச்சி" என்றாள் மகள். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு சொற்கள். இந்த ஒன்றை உணர்ந்துகொண்ட பிள்ளை வரலாற்றில் பாதியைக் கற்றுவிட்டது என்பேன்.

அங்கே நானும் என் பங்குக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. 'நாம் இழந்தவர்கள், அவர்கள் பறித்தவர்கள்' என்று மட்டும் மகள் எண்ணிவிடக் கூடாது. மலாக்காவில் அந்நாளில் செல்வாக்கோடு வாழ்ந்த தமிழ் வணிகர்கள் பலர் இருந்தனர். அவர்களுள் போர்த்துகீசிய ஏடுகள் 'நீனா சத்து' என்று குறிப்பிடும் ஒருவர், 1509ஆம் ஆண்டிலிருந்து மலாக்காவில் சிறைப்பட்டிருந்த போர்த்துகீசியர்களுக்கு உதவினார். நகரம் வீழ்ந்த பிறகு அல்புகர்க் அவரையே பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார். அதாவது நம்மவர் ஒருவர் வென்றவர் பக்கம் நின்றார். அவர் செய்தது சரியா தவறா என்று நான் மகளிடம் சொல்லவில்லை. தெருவோரத்தில் நின்று மூவரும் அதைப் பற்றிப் பேசினோம்.

இன்னொரு செய்தியையும் அம்மையாரிடம் பகிர்ந்துகொண்டேன். தமிழ்மொழியில் அச்சான முதல் நூலாக அறியப்படும் கிறித்துவச் சிறுநூல், 1554ஆம் ஆண்டு இதே லிஸ்பன் நகரில்தான் அச்சேறியது. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டு, போர்த்துகீசிய மொழியும் உடன் இடம்பெற்ற நூல் அது. தமிழ் எழுத்திலேயே அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவருவதற்கு 24 ஆண்டுகள் முந்தையது. அம்மையாருக்கு இது புதிய செய்தி. தம் கைப்பையிலிருந்து சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்து, ஆண்டை இருமுறை கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாம் தெரிந்தவராகக் காட்டிக்கொள்ளாமல், தம்மிடம் கற்க வந்தவரிடமே கற்றுக்கொண்ட அந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறுநாள் வழிகாட்டியின்றி நாங்களே பெலேம் பகுதிக்குச் சென்றோம். 1960ஆம் ஆண்டில், சலசாரின் ஆட்சிக் காலத்தில் எழுப்பிய கடற்பயண நினைவுச் சின்னம் அங்கு ஆற்றங்கரையில் நிற்கிறது. கப்பலின் முகப்பைப் போன்ற அந்தச் சின்னத்தில் 33 உருவங்கள் உள்ளன. அவற்றுள் அல்புகர்க்கைத் தேடிக் கண்டுபிடித்த மகள், "அம்மா, இதைக் கட்டியவர்கள் எதைச் சொல்ல விரும்பினார்கள், எதை விட்டுவிட்டார்கள்?" என்று தானாகவே கேட்டாள். வழிகாட்டி உடனில்லாதபோதும் அவர் கற்பித்தது உடனிருந்தது. நல்ல ஆசிரியர் என்பவர், தாம் இல்லாமலேயே மாணவர் நடக்கும் நாளை விரைவில் வரவழைப்பவர் அல்லவா?

எழக்கூடிய மறுப்புகள்

கைப்பேசியிலும் இவ்வளவு செய்தி கிடைக்குமே என்பது முதல் மறுப்பு. கிடைக்கும். மேலே நான் எழுதிய ஆண்டுகளும் பெயர்களும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் உள்ளவைதாம். ஆனால் கைப்பேசி, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எப்போது பேச்சை நிறுத்துவது என்று அறியாது. நாம் கேட்டதற்கு அது விடை தரும். நாம் கேட்க வேண்டியதைக் கேட்கத் தூண்டாது.

வழிகாட்டியும் தம் நாட்டுப் பக்கம்தானே பேசுவார் என்பது இரண்டாவது. இது பொருட்படுத்த வேண்டிய மறுப்பு. எல்லா வழிகாட்டிகளும் அந்த அம்மையாரைப் போன்றவர்கள் அல்லர். மன்னர்களின் பெருமையை ஒப்பிப்போரும் உண்டு. கேட்போர் சிரிப்பதற்காகக் கதை கட்டுவோரும் உண்டு. அதனால்தான் நாமும் வெறுங்கையோடு போகக் கூடாது என்கிறேன். மலாக்காவைப் பற்றி ஒன்றும் அறியாமல் சென்றிருந்தால், மகளிடமிருந்து அந்தக் கேள்வி பிறந்திருக்காது. அந்த வீட்டுக்கும் நாங்கள் போயிருக்க மாட்டோம். வழிகாட்டியின் தரத்தில் பாதி, கேட்பவரின் ஆயத்தத்தைப் பொறுத்தது.

மூன்றாவது மறுப்பு பணம். இதுவே பெரியது. ஐரோப்பாவுக்குச் செல்வது நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் பெரும்பாலோருக்குக் கைக்கெட்டாத கனவு என்பதை நான் அறிவேன். 600 ரிங்கிட் என்பது பல குடும்பங்களில் மாத மளிகைச் செலவு. ஆகவே எல்லாரும் லிஸ்பனுக்குப் போங்கள் என்பதற்காக இதை எழுதவில்லை. அங்கு நான் கண்ட முறையை நம் பிள்ளைகளுக்கு மிகக் குறைந்த செலவில் நம் நாட்டிலேயே தர முடியும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மலாக்காவில் நாம் செய்யக்கூடியது

நம் பள்ளிகள் பல ஆண்டுதோறும் மாணவர்களை மலாக்காவுக்கு அழைத்துச் செல்கின்றன. விடியற்காலையில் பேருந்து புறப்படும். சிவப்புக் கட்டடத்தின் முன் ஒரு குழுப்படம். ஃபமோசா கோட்டை வாயிலில் மற்றொரு படம். பிறகு அருங்காட்சியகம், உணவு, கடைத்தெரு, மாலையில் திரும்புதல். பத்து இடங்கள், ஓர் இடத்திற்குப் பதினைந்து நிமிடம். மறுநாள் 'நான் சென்ற கல்விச் சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னால், நாற்பது கட்டுரைகளிலும் பேருந்தில் பாடிய பாட்டும் கோழிச் சோறும்தான் இருக்கும். இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு நாம் காட்டியதைத்தான் அவர்கள் எழுதுகிறார்கள்.

அந்தக் கோட்டை வாயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். போர்த்துகீசியர் எழுப்பிய பெருங்கோட்டையில் இன்று எஞ்சி நிற்பது சந்தியாகு வாயில் ஒன்றுதான். மற்றவை எங்கே போயின? இடித்தவர்கள் போர்த்துகீசியரும் அல்லர், 1641இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரரும் அல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர். ஏன் இடித்தார்கள் என்னும் ஒரு கேள்வியோடு அந்த வாயிலின் கீழ் அரை மணி நேரம் மாணவரை அமர வைத்தால், அதுவே ஒரு முழுப் பாடம். சற்றுத் தொலைவில் துக்காங் எமாஸ் சாலையில் 1781ஆம் ஆண்டில் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும், அதே வரிசையில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் கோவிலும் உள்ளன. காஜா பெராங் பகுதியில் மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பு இருக்கிறது. 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்ட நகரம் அது. தமிழ்ப் பிள்ளைகள் தம் முன்னோரின் சுவடுகளைத் தொட்டுப் பார்க்கக்கூடிய இடங்கள் அங்கு நடக்கும் தொலைவில் இருக்கின்றன. நாமோ அவற்றின் அருகில் பேருந்தை நிறுத்தாமலே வந்துவிடுகிறோம்.

எனவே ஆசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் சில பரிந்துரைகளை முன்வைக்கிறேன்.

1. இடங்களைக் குறையுங்கள். ஒரு நாளுக்கு நான்கு அல்லது ஐந்து இடங்கள் போதும். எஞ்சிய நேரத்தை நிற்பதற்கும் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் கொடுங்கள்.

2. குழுவைச் சிறிதாக்குங்கள். நாற்பது பேரை ஒரே வரிசையில் நடத்தாமல், பத்துப் பத்துப் பேராகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவரைப் பொறுப்பாக்குங்கள். உடன்வரும் பெற்றோர் இதற்குப் பெரிதும் உதவுவர்.

3. வழிகாட்டியைத் தேடுங்கள். உரிமம் பெற்ற வழிகாட்டியின் கட்டணத்தை நாற்பது மாணவரிடையே பிரித்தால் தலைக்குச் சில ரிங்கிட்தான் வரும். அதுவும் இயலாவிட்டால், அவ்வூரில் வாழும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியரையோ ஆலயப் பொறுப்பாளரையோ அணுகுங்கள். முன்கூட்டியே அழைத்து, நம் மாணவர் எதைப் படித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

4. ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு பேருந்தில் ஏறட்டும். 'எந்த ஆண்டு கட்டப்பட்டது?' என்பது போன்ற கேள்வியைத் தவிர்த்து, 'ஏன்', 'யாருக்காக', 'யார் பெயர் விடுபட்டது' என்று கேட்கப் பழக்குங்கள்.

5. திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்வதற்கு முன், ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தம்பி தங்கைகளுக்கு அவ்விடத்தைப் பற்றி வழிகாட்டியைப் போலச் சொல்லிக் காட்டச் செய்யுங்கள். சிந்தனை மீட்சிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பிறருக்கு விளக்கும்போதுதான் நமக்கு எது விளங்கவில்லை என்பது விளங்கும்.

பெற்றோர்களுக்குத் தனியே ஒரு சொல். உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு பழைய தோட்டமோ, ஆலயமோ, தொடர்வண்டி நிலையமோ நிச்சயம் இருக்கும். அங்கே வாழ்ந்த தாத்தாவோ பாட்டியோ இன்னும் இருப்பார். ஒரு சனிக்கிழமை மாலை அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, பிள்ளைகளோடு நடக்கவிட்டு, அவரைப் பேசவிடுங்கள். கட்டணம் ஒரு குவளைத் தேநீர். அவரைவிடச் சிறந்த வழிகாட்டியை ஐரோப்பாவிலும் வாங்க முடியாது. அவர் பேசக்கூடிய ஆண்டுகளோ இனிச் சிலவே.

வரலாறு என்பது தேர்வுக்கு மனனம் செய்யும் பட்டியல் என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு வளர்ந்தால், நாளை அவர்களுடைய வரலாற்றை வேறு யாரோ, வேறு யாருக்கோ ஏற்றவாறு சொல்லிவிடுவார்கள். 'வெற்றி' என்று ஒருவர் சொல்லும்போது 'வீழ்ச்சி' என்று மற்றொரு சொல்லும் இருப்பதை அறிந்த பிள்ளையை அவ்வளவு எளிதில் ஏமாற்ற முடியாது. அந்த விழிப்பை ஊட்டுவது நம் கடமை.

அடுத்த கல்விச் சுற்றுலாவைத் திட்டமிடும் கூட்டத்தில், பேருந்துக் கட்டணம் எவ்வளவு, மதிய உணவு எங்கே என்று பேசுவதற்கு முன்பாக, "இந்த முறை எந்தக் கேள்வியோடு பிள்ளைகளை அழைத்துச் செல்லப் போகிறோம்?" என்று யாரேனும் ஒருவர் எழுந்து கேளுங்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருங்கள்.